காற்றுச் செலவு

மேனேஜர் அடைக்கப்பன் அவர்களுக்கு,
நீங்கள் கொடுத்த மனுவின் நகல் வந்தது.
அதில் 'கழிவு' என்று எழுதியிருக்கிறீர்கள்.
நான் பீ என்றே எழுதுகிறேன், தினமும் அள்ளுகிறவள்.

புதுவயல் தாண்டித் தைலமரக் காட்டோரம் எங்கள் கொட்டில்.
நூற்றிப்பத்து வெள்ளைப்பன்றி,
வியாழக்கிழமை போட்ட ஒன்பது குட்டி சேர்க்காமல்.

இரவு பத்தரைக்கு உங்கள் ஓட்டல் வண்டி வரும்.
எட்டு டிரம். முகூர்த்த நாளென்றால் பதினான்கு.
கவுனி அரிசி, மண்டி, பணியாரம்,
ஒரு கடி கடித்து வைத்த கோழிக்கால்.
இலையைப் பொறுக்கி எடுப்பது சவரிநாதன்,
வேகவைத்துக் கொட்டுவது நான்.
மற்றது பன்றி பார்த்துக்கொள்ளும்.

தின்றதெல்லாம் சதையாகும் என்றுதான் நினைத்திருந்தேன்.
தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் உடம்பில் நிற்கிறதாம்.
மிச்சம் பின்னால் வந்துவிடும்,
பெரும்பகுதி மூத்திரமாய்.

மூத்திரம் தனியே கிடந்தால் சாது.
வாளியில் பிடித்து மூடி வைத்துப் பார்த்தேன்,
மறுநாளும் மூக்கைத் துளைக்கவில்லை.
பீயும் தனியே நாறும், அவ்வளவுதான், கண்ணைக் கரிக்காது.
இரண்டும் ஒரே குழியில் விழவேண்டும்.
பீக்குள் இருக்கிற கண்காணாக் கூட்டம்
மூத்திரத்தின் முடிச்சை அவிழ்க்கும்.
அவிழ்ந்ததுக்கு நிறமில்லை, நிழலில்லை,
பேர் மட்டும் உண்டு, அம்மோனியா.
நமக்குத் தெரிவது கண்ணீராகத்தான்.

போர்டு ஆபீசர் மீட்டரோடு வந்தார்.
பேட்டரி இல்லை.
அவர் போனபின் காலண்டரில் அன்றைய தேதியைக் கிழித்து
மஞ்சள் தடவி, நனைத்து,
குழிமேல் பிடித்தேன்.
நூறு எண்ணுவதற்குள் சிவந்துவிட்டது,
சதுர்த்தியும் ராகுகாலமும் சேர்த்து.

அடியில் கிடப்பது வேறு.
கலக்கினால்தான் எழும்.
என் வெள்ளிக் கொலுசு கறுத்தது அதனால்.
போன ஆனியில் சவரிநாதன் கழியோடு குனிந்தான்.
சட்டையைப் பிடித்து இழுத்தேன்,
பொத்தான் நாலும் தெறித்தது.
ஒரு மணிநேரம் அவனுக்குப் பேச்சு வரவில்லை.
உங்கள் மனுவில் இது இல்லை,
உங்களுக்குத் தெரிய வழியில்லை.

இந்தப் பக்கத்தில் கணக்கு எழுதத் தெரியாதவர் குறைவு.
எனக்கும் ஒரு நோட்டு இருக்கிறது.
தீவனம், ஊசி, கரண்ட், வட்டி,
கடைசியில் ஒரு பத்தி: காற்றுச் செலவு.
மாதம் இரண்டு மூட்டை யூரியா என்று போட்டிருக்கிறேன்,
சித்திரையில் கூட.
வெயில் ஏற ஏற அது எழும்பும்,
காற்றடித்தால் இன்னும்.
விடியற்காலை மூன்று மணிக்குக் காற்று நின்றதும்
போக இடமில்லாமல் தரையோடு ஊர்ந்து
உங்கள் பர்மாத் தேக்கு ஜன்னலைத் தட்டும்.
இந்த இடத்தில் மனு சரி.
ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் தோட்டக்காரர் வெள்ளைச்சாமி
வைகாசி மழைக்குப் பிறகு சொன்னார்:
புல்தரை தானாகக் கறுகறுவென்று பச்சை,
உரமே போடவில்லை, தங்க வந்த பெண்கள் படமெடுத்தார்கள் என்று.
என் மூட்டைதான் அங்கே இறங்கியிருக்கிறது.
நான் பில் போடவில்லை.

நேற்று ரைஸ் மில்லிலிருந்து ஒரு டிராக்டர் உமி இறக்கினோம்.
குழிமேல் ஒரு சாண் கனம் பரப்பியாயிற்று.
கோழிகள் ஏறி நடக்கின்றன, தரையென்று நினைத்து.
மூத்திரத்துக்குத் தனி வாய்க்கால் வெட்ட
மேஸ்திரி திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்,
எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.

ஒரு உதவி. புளித்த மோரைத் தனி டிரம்மில் அனுப்புங்கள்.
புளிப்பு அதைக் கட்டிப்போடும் என்று
கால்நடை டாக்டரம்மா சொன்னார்.
சந்தேகத்தோடுதான் கேட்கிறேன்.

இன்று காலை உமிமேல் புதுத்தாள் பிடித்தேன்.
முந்நூறு எண்ணினேன்.
ஓரம் மட்டும் சிவந்தது,
தேதி இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது.
இத்துடன் இணைத்திருக்கிறேன்.

எட்டாவது டிரம்மின் மூடி உடைந்திருக்கிறது.
மாற்றச் சொல்லவும்.

இப்படிக்கு,
ச. மதலேனம்மாள்